காத்திருந்த கேமரா

லிவர்பூல் புறநகரில் ஏழு வயதுப் பையன் ஒருவன் துள்ளிக் குதித்தபடி நடந்து போகிறான். பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறார்கள். விண்வெளி வீரன் என்கிறான். அது நடக்காவிட்டால் சுற்றுலாப் பேருந்து ஓட்டுவானாம். பேசும்போது முகமெல்லாம் வெளிச்சம். 1964-ல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'செவன் அப்' படத்தில் வரும் 14 குழந்தைகளில் அவனும் ஒருவன். பெயர் நீல் ஹியூஸ்.

படத்தை எடுத்தவர்களிடம் அப்போது நீண்ட திட்டம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டின் வசதியும் வறுமையும் ஏழு வயதுக்குள்ளேயே ஒரு குழந்தையின் தலையெழுத்தை எழுதிவிடுகின்றனவா என்று பார்க்க நினைத்தார்கள். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள், கிழக்கு லண்டன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், காப்பகத்தில் வளர்ந்தவர்கள் எனக் கலந்து பிடித்தார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சி, அத்தோடு சரி. இயக்கியவர் பால் ஆல்மண்ட். பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிக் குழந்தைகளைத் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த மைக்கேல் ஆப்டெட். ஏழு வருடம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி பார்க்கலாமே என்று கிளம்பிய ஆப்டெட், பிறகு நிறுத்தவே இல்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். 2019-ல் '63 அப்' வந்தபோது அந்தக் குழந்தைகளில் சிலர் தாத்தா, பாட்டி ஆகியிருந்தார்கள். 2021 ஜனவரியில் ஆப்டெட் இறந்தார்.

நீலுக்கு என்ன ஆயிற்று? 21 வயதில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, லண்டனில் கைவிடப்பட்ட கட்டடமொன்றில் தங்கிக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 28-ல் சொந்தமென்று ஒரு கூரை இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அலைந்துகொண்டிருந்தார். ஏழு வயதில் துள்ளிய அதே கால்களை அடுத்த காட்சியிலேயே வெறிச்சோடிய மலைப்பாதையில் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. அடுத்த படம் வருவதற்குள் இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பிரிட்டன் முழுக்க மக்கள் கவலைப்பட்டார்கள். 42-ல் அவர் லண்டனின் ஹேக்னி பகுதியில் கவுன்சிலர்! கிழக்கு லண்டனில் வாத்தியாராக இருந்த புரூஸ் பால்டன் என்பவர் தன் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்திருந்தார். புரூஸும் அந்த 14 பேரில் ஒருவர். ஏழு வயதில் விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மேட்டுக்குடிப் பையன். அந்தப் படம் இல்லையென்றால் இருவரும் வாழ்நாளில் சந்தித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிற்காலத்தில் நீல் கம்பிரியா பக்கம் குடிபோய், அங்கேயும் உள்ளாட்சிப் பணியைத் தொடர்ந்தார்.

எந்தத் திரைக்கதாசிரியரும் இப்படி எழுதத் துணியமாட்டார். எழுதினால் நம்பும்படி இல்லை என்பார்கள்.

ஆவணப்படம் என்றாலே நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட நினைவுதான் வரும். அந்தக் காலத்தில் தியேட்டரில் முக்கியப் படத்துக்கு முன்னால் ஓடிய செய்திச் சுருள், கனத்த குரலில் ஓர் ஆணின் வர்ணனை, அணைக்கட்டு, தொழிற்சாலை, கைதட்டும் கூட்டம். அந்த இனத்தைச் சேர்ந்த எதுவும் மனதில் தங்கியதில்லை. தங்கிய படங்களைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பார்த்துப் பத்து வருடம் ஆன பிறகு ஒருவரிடம் கேட்டால், அந்தப் படம் சொன்ன புள்ளிவிவரம் எதையும் அவரால் சொல்ல முடியாது. ஒரு முகத்தைச் சொல்வார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மாறிய நொடியைச் சொல்வார். அந்த நொடிக்காக இயக்குநர் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்திருப்பார்.

'ஹூப் ட்ரீம்ஸ்' (1994) படத்தின் கதை அப்படித்தான். சிகாகோவின் தெருவோரக் கூடைப்பந்து பற்றிப் பொதுத் தொலைக்காட்சிக்கு அரை மணி நேரப் படம் எடுக்கத்தான் ஸ்டீவ் ஜேம்ஸும் நண்பர்களும் போனார்கள். வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜீ என்ற இரண்டு கறுப்பினச் சிறுவர்களைப் பிடித்தார்கள்; ஐந்து வருடம் விடவில்லை. சுமார் 250 மணி நேரக் காட்சிகள் சேர்ந்தன, படம் மூன்று மணி நேரத்தை நெருங்கியது. ஃபீஸ் கட்ட முடியாமல் ஆர்தர் நல்ல பள்ளியிலிருந்து நடுவருடத்தில் வெளியேற்றப்படுகிறான். வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மைதானத்தில் அவன் பந்தாடும்போது, பின்னால் கொஞ்சம் தள்ளி அவன் அப்பா போதைப்பொருள் வாங்குவது அதே சட்டகத்தில் பதிவாகிறது. இத்தனைக்கும் நடுவில் அவன் அம்மா ஷீலா, செவிலியர் உதவியாளர் பயிற்சியை வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணோடு முடிக்கிறார். ஏறக்குறைய காலியான அறையில் நடக்கும் சின்னஞ்சிறு விழா அது. சேதி கேட்டதும் அவர் உடைந்து அழுகிறார். கூடைப்பந்துப் படம் பார்க்க உட்கார்ந்தவர்கள் மனதில் கடைசிவரை நிற்பது அந்த அம்மாவின் அழுகை.

காத்திருப்பது என்றால் கேமராவை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று எண்ணிவிடக் கூடாது. சிலசமயம் அது கல்நெஞ்சமும் கேட்கிறது.

பிரெஞ்சு இயக்குநர் கிளாட் லான்ஸ்மன் எடுத்த 'ஷோவா' 1985-ல் வெளியானது. யூத இனப்படுகொலை பற்றிய ஒன்பதரை மணி நேரப் படம். முடிக்க ஏறத்தாழ 11 வருடம் பிடித்தது. எடுத்த காட்சிகள் சுமார் 350 மணி நேரம். படத்தொகுப்புக்கு மட்டுமே ஐந்து வருடம். அதற்கு முன் வந்த படங்கள், வதை முகாம்களில் குவிந்து கிடந்த உடல்களைக் காட்டிய பழைய காட்சிகளை நம்பியிருந்தன. லான்ஸ்மன் அவற்றில் ஓர் அடி ஃபிலிமைக்கூடச் சேர்க்கவில்லை. உயிர் பிழைத்தவர்களையும், பக்கத்திலிருந்து பார்த்தவர்களையும், கொன்றவர்களையும் பேசவைத்தார். புல் முளைத்துக் கிடக்கும் இடங்களை, ரயில் தண்டவாளங்களை, இன்றைக்கு இருக்கிறபடியே காட்டினார்.

அதில் ஆபிரகாம் போம்பா என்று ஒருவர் வருகிறார், முடிதிருத்துநர். டிரெப்ளிங்கா முகாமில், நச்சுவாயு அறைக்குள் அனுப்பப்படும் பெண்களின் கூந்தலை வெட்டும் வேலைக்கு நாஜிகள் அவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். படம் எடுக்கும் காலத்தில் அவர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று இஸ்ரேலில் இருக்கிறார். லான்ஸ்மன் அங்கே ஒரு முடிதிருத்தகத்தை வாடகைக்கு எடுக்கிறார். கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார். போம்பா ஒரே தொனியில், யாருக்கோ நடந்த கதை மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். அவரோடு வேலை பார்த்த நண்பரின் மனைவியும் சகோதரியும் அந்த அறைக்குள் வந்த நாளைச் சொல்ல வரும்போது குரல் நின்றுவிடுகிறது. உதடு துடிக்கிறது. துண்டால் முகத்தைத் துடைக்கிறார். கத்தரிக்கோல் மட்டும் வேலை செய்கிறது. வேண்டாம் என்று கெஞ்சுகிறார். லான்ஸ்மன் விடுவதில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தணிந்த குரலில் வற்புறுத்துகிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.

இது நியாயமா என்ற கேள்வி நாற்பது வருடமாகத் தீரவில்லை. ஒரு மனிதனின் ஆறாத புண்ணைக் கீறிப் பார்க்கும் உரிமை ஒரு சினிமாக்காரருக்கு உண்டா? கஷ்டமான கேள்விதான். ஆனால் போம்பா நிறுத்திய அந்தச் சில நிமிடங்களில்தான், எத்தனையோ வரலாற்று நூல்களால் உணர்த்த முடியாததைப் பார்ப்பவர் உணர்கிறார். அவர் கதறியிருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. சொல்ல முடியாமல் திணறியதில் தெரிந்தது. அதற்காக எல்லா இயக்குநரும் இப்படி வற்புறுத்தலாம் என்று யாரும் வாதாட முடியாது. லான்ஸ்மன் அத்தனை வருடத்தை அந்தக் காரியத்துக்கே கொடுத்தவர். முன்னாள் நாஜி அதிகாரி ஒருவரைப் பேசவைக்க ஒளித்துவைத்த கேமராவோடு போனவர்; இன்னொரு இடத்தில் கேமரா இருப்பது தெரிந்து அடி வாங்கியவர். சாட்சியிடம் கேட்ட விலையில் ஒரு பங்கை அவரும் கொடுத்திருந்தார்.

இதற்கு நேரெதிர்ப் பாதையில் போன படம் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012). பாதிக்கப்பட்டவரைப் பேசவைக்க லான்ஸ்மன் போராடினார் என்றால், இங்கே கொலைகாரர்கள் தாமாகவே முன்வந்து பேசுகிறார்கள். 1965, 66-ல் இந்தோனேசியாவில் ராணுவத்தின் ஆதரவோடு கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. கொன்றவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்களாக உலவினார்கள். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2000-களின் தொடக்கத்தில் வடக்கு சுமத்ராவுக்குப் போனது, தோட்டத் தொழிலாளர்கள் சங்கம் அமைப்பதைப் படமாக்க. அங்கேதான் இந்தப் பழைய ரத்தம் அவர் காலில் பட்டது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களைப் பேசவிடாமல் ராணுவம் மிரட்டியது. அப்போது அந்தக் குடும்பத்தினரே ஒரு யோசனை சொன்னார்கள்: கொன்றவர்களிடம் போய்க் கேளுங்கள், பெருமையாகச் சொல்வார்கள்.

சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக, எங்கே, எப்படி, எதனால் கொன்றோம் என்று நடித்தே காட்டினார்கள். அப்படி ஓப்பன்ஹைமர் படம்பிடித்த 41-வது ஆள்தான் மேதான் நகரத்தின் அன்வர் காங்கோ. தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றுத் திரிந்த ரவுடி; ஹாலிவுட் படங்களின் பித்தர். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், ரத்தம் சிந்தாமல் கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொன்ற விதத்தை விளக்குகிறார். விளக்கிவிட்டு அதே மாடியில் சா-சா-சா நடனம் ஆடுகிறார். செய்த கொலைகளை உங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் எடுத்துக் காட்டுங்கள் என்கிறார் இயக்குநர். அன்வரும் கூட்டாளிகளும் உற்சாகமாக இறங்குகிறார்கள். ஒரு காட்சியில் சாகப்போகும் ஆளாக அன்வரே உட்காருகிறார். கழுத்தில் கம்பி விழுகிறது. அவரால் அதற்குமேல் முடியவில்லை. படத்தின் முடிவில் அதே மொட்டைமாடிக்கு மறுபடி வருகிறார். இந்தத் தடவை நடனம் இல்லை. குமட்டுகிறது, வயிற்றிலிருந்து ஒன்றும் வெளியே வராமல் ஓங்கரிக்கிறார்.

மனம் திருந்திவிட்டார் என்று படம் சொல்வதில்லை. அவருக்கு மன்னிப்புக் கொடுப்பதும் இல்லை. நாற்பது வருடமாகத் தனக்குத்தானே சொல்லிவந்த கதை அந்த உடம்புக்குள் இடிந்து விழுகிறது; அதற்கு நாம் சாட்சியாக இருக்கிறோம், அவ்வளவே. அந்த ஓங்கரிப்புச் சத்தம் லேசில் காதை விட்டுப் போவதில்லை. படத்தின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், உடன் உழைத்த இந்தோனேசியர்கள் பலரின் இடத்தில் 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றே வருகிறது. உயிர்ப் பயம்.

இரண்டு வருடம் கழித்து ஓப்பன்ஹைமர் தந்த 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' இன்னும் ஆழமானது என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு. அண்ணனைப் படுகொலையில் இழந்த குடும்பத்தில், அண்ணன் இறந்த பிறகு பிறந்தவர் ஆதி. கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது அவர் தொழில். வயதான கொலையாளிகளின் வீட்டுக்குப் போய், சோதனைக் கண்ணாடியை அவர்கள் மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லிக்கொண்டே, அன்றைக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கிறார். குரலை உயர்த்துவதில்லை. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பழையதை ஏன் கிளறுகிறாய் என்று மிரட்டுகிறார்கள். ஆதி கேட்டுக்கொள்கிறார். இந்தப் படத்தால் பாதுகாப்புக்காக அவர் குடும்பம் ஊரை விட்டே இடம்பெயர வேண்டியிருந்தது.

காட்டாமல் விட்டதால் தங்கிய படமும் உண்டு. அலாஸ்காவின் கரடிகளோடு 13 கோடைகாலங்களைக் கழித்த டிமோதி டிரெட்வெல்லையும் அவர் தோழியையும் 2003 அக்டோபரில் ஒரு கரடி கொன்றது. அந்த நேரத்தில் அவர்களின் கேமரா லென்ஸ் மூடியோடு ஓடிக்கொண்டிருந்தது; சத்தம் மட்டும் பதிவானது. 'கிரிஸ்லி மேன்' (2005) எடுத்த வெர்னர் ஹெர்சாக் அந்த ஒலியை ஹெட்போனில் கேட்கிறார். கேமரா அவர் முதுகுப்பக்கம் நிற்கிறது. எதிரே டிரெட்வெல்லின் பழைய சிநேகிதி, ஹெர்சாக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிறிது நேரத்தில் ஹெர்சாக் நிறுத்தச் சொல்கிறார். இதை ஒருநாளும் கேட்காதீர்கள், அழித்துவிடுங்கள் என்கிறார். நமக்கு ஒரு நொடிகூடக் கேட்கக் கிடைப்பதில்லை. விபத்தில் துடிப்பவரைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலத்தில் இந்தக் காட்சியை ஊடகம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் போட்டுக் காட்டவேண்டும்.

ஓர் ஆவணப்படம் ஓர் உயிரையே மீட்ட கதையும் உண்டு. டல்லாஸில் 1976-ல் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நிறைவேற்ற மூன்றே நாள் இருந்த நிலையில் தடை கிடைத்து, பிறகு அது ஆயுள் தண்டனையானது. இயக்குநர் எரல் மாரிஸ் அந்தப் பக்கம் போனது இன்னொரு காரணத்துக்காக. மரண தண்டனை வழக்குகளில் அரசுத் தரப்புக்கு வழக்கமாகச் சாட்சி சொல்லும் ஒரு மனநல மருத்துவரைப் படமெடுக்க. ஆடம்ஸைச் சந்தித்தவருக்குச் சந்தேகம் தட்டியது. சாட்சிகளைத் தேடித் தேடிப் பேசவிட்டார், குறுக்கிடாமல் கேட்டார். பொய்கள் தாமாகவே ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்ன டேவிட் ஹாரிஸுடனான கடைசிச் சந்திப்பன்று கேமரா பழுதாகிவிட்டது. கையில் இருந்தது டேப் ரெக்கார்டர் மட்டும். அதனால் 'தி தின் ப்ளூ லைன்' (1988) படத்தின் உச்சக் காட்சியில் திரையில் தெரிவது சுழலும் ஒரு டேப் ரெக்கார்டர்தான். அந்தக் குரல் கொலைப்பழியை ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. மறு வருடம் ஆடம்ஸ் விடுதலையானார்.

இந்தியாவில் இந்தப் பொறுமைக்கு ஒரு பெயர் சொல்லவேண்டுமென்றால் ஆனந்த் பட்வர்தன். அயோத்திப் பிரச்சினை பற்றிய 'ராம் கே நாம்' படத்தில், நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட ராம ஜென்மபூமிக் கோயிலின் பூசாரி லால்தாஸ் பேசுகிறார். ரத யாத்திரையின் முழக்கமும் ஆவேசமும் படம் நெடுக நிறைந்திருக்க, இந்தப் பூசாரி மட்டும் நிதானமாக, இது அரசியலுக்கும் பணத்துக்கும் நடக்கிற காரியம் என்று தயங்காமல் சொல்கிறார். 1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே லால்தாஸ் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் படத்தை இன்று பார்ப்பவர்களுக்கு இது தெரியும். படத்தில் பேசிக்கொண்டிருக்கும் அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் அந்தக் காட்சியை மறக்கவிடாமல் செய்கிறது. தேசிய விருது கிடைத்த படம் அது. ஆனாலும் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாவதற்கு நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது.

பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' ஒரு தற்கொலையிலிருந்து தொடங்குகிறது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்தெழுந்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் சில நாட்களில் தூக்கில் தொங்கினார் விலாஸ் கோக்ரே என்ற பாடகர். பட்வர்தன் 1985-ல் எடுத்த 'பம்பாய் ஹமாரா ஷஹர்' படத்தில் பாடியவர் அவர். நண்பர் ஏன் செத்தார் என்ற கேள்வியோடு புறப்பட்ட இயக்குநர், 14 வருடம் தலித் குடியிருப்புகளில் பாட்டுகளின் பின்னால் நடந்தார். துப்பாக்கிச் சூடு வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போக, படமும் கூடவே போனது. ஒரு தலைமுறைப் பாடகர்கள் வயதாகி, கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழு மேடையேறி, அதன் பாடகி ஷீத்தல் சாத்தே தலைமறைவாகும்வரை படம் வளர்ந்தது. மூன்று மணி நேரப் படம். தீர்ப்புக்குக் காத்திருந்த குடும்பங்களோடு கேமராவும் காத்திருந்தது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் உணர முடிகிறது.

தமிழர்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதில்லை. இந்தியாவில் பட்வர்தன் பிறப்பதற்கும் முன்னால், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் இந்த வேலையை உலகம் சுற்றிச் செய்தார். ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2, காந்தியின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. காந்தியோ கேமரா முன்னால் நின்று போஸ் கொடுக்கும் மனிதர் இல்லை. ஆகவே, அதுவரை உலகத்தில் யார் யாரோ காந்தியைப் பிடித்துவைத்திருந்த துண்டுகளைத் தேடிப்போனார் செட்டியார். லண்டனில், தென்னாப்பிரிக்காவில், ஐரோப்பிய நகரங்களில், அமெரிக்காவில் கதவு கதவாகத் தட்டினார். சுமார் ஒரு லட்சம் மைல் பயணம்; சேர்ந்த ஃபிலிம் ஏறக்குறைய 50,000 அடி. யுத்த மேகம் சூழ்ந்த காலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சி. ஃபிலிமைக் கண்டுபிடிப்பது ஒரு பாடு என்றால், அதை ஊர் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு பாடு. 1940-ல் தமிழ் வர்ணனையோடு படம் வெளியானது. காந்தி பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம் நம் மொழியில் பேசியது!

பிறகு அந்தப் படம் காணாமல் போயிற்று. 1953-ல் ஹாலிவுட்டில் உருவான ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்றைப் பல வருடம் கழித்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுத்தார் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி. படம் எடுத்த கதையைச் செட்டியாரே கட்டுரைகளாக எழுதியிருந்தார்; 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கியவரும் வேங்கடாசலபதிதான். உலகம் முழுக்க அலைந்து ஒரு மனிதர் சேர்த்ததை, சேர்த்த ஊரில் நாம் பத்திரப்படுத்தவில்லை. வேதனை.

அதற்குப் பின்னும் தமிழில் ஆவணப்படம் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் கைக்காசில். மதுரையில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவரும் ஆர்.பி. அமுதன் 2003-ல் 'பீ' எடுத்தார். அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். கோயிலின் பின்புறத் தெருவொன்றை ஒரு தூய்மைப் பணியாளர் சுத்தம் செய்கிறார். கேமரா அவரைவிட்டு நகர்வதில்லை. ஆறுதலுக்கு இசை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். அந்த அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது என்பது அப்போதுதான் உறைக்கும். படம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் தன் தெருவைப் பழையபடி பார்க்க முடியாது.

திவ்யபாரதி 2017-ல் எடுத்த 'கக்கூஸ்' அதே வேலையைத் தமிழ்நாடு முழுக்க விரித்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் வந்தாகிவிட்டது. மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவை காகிதத்தில் உள்ளவை. தன் புருஷன் எப்படிக் குழிக்குள் இறக்கப்பட்டான் என்று ஒரு பெண் சொல்வது திரையில் இருக்கிறது. படத்தைத் திரையிடப் பல இடங்களில் போலீஸ் அனுமதி மறுக்க, இயக்குநர் அதை யூடியூபில் ஏற்றினார்.

முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதி, தாயை இழந்த ரகு, அம்மு என்ற யானைக் குட்டிகளை வளர்த்ததைக் கார்த்திகி கொன்சால்வ்ஸ் சுமார் ஐந்து வருடம் பின்தொடர்ந்தார். சேர்ந்தது 450 மணி நேரக் காட்சிகள். படம் 40 நிமிடம். 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. அழகான ஒளிப்பதிவை எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டிவரும்போது அந்த இருவரின் முகமும் வாடுகிறதே, அதை எந்த ட்ரோன் கேமராவாலும் ஏற்பாடு செய்ய முடியாது. அந்த ஆண்டே பெள்ளியை யானைப் பராமரிப்பாளராக அரசு நியமித்தது. அந்தப் பணியில் தமிழகத்தின் முதல் பெண் அவர்.

தன் வாழ்க்கையைத் திறந்து காட்டியவருக்குப் படம் என்ன செய்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். 'ஹூப் ட்ரீம்ஸ்' லாபத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் பங்கு போனது. வடக்கு மாசிடோனியாவின் மலைக்கிராமத்தில் தேனெடுக்கும் ஹதீஜே பற்றிய 'ஹனிலேண்ட்' (2019) படக்குழு, விருதுப் பணத்தில் அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்தது. 'அப்' வரிசையில் ஜாக்கி என்ற பெண் 49 வயதில் கேமரா முன்னாலேயே ஆப்டெட்டைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமாக என்னைப் பற்றி நீங்களாக ஒரு முடிவு வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறீர்கள் என்று பொரிந்தார். ஆப்டெட் அதை வெட்டி எறியாமல் படத்தில் வைத்தார். 14 பேரில் நான்கே பெண்களைத் தேர்ந்தெடுத்தது தவறு என்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தமிழ்ப் படங்களின் நிலைக்கு வருவோம். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இங்கே எடுக்கப்பட்டவை பெரும்பாலும் மினி டிவி (Mini DV) கேசட்டுகளில் இருக்கின்றன. அந்த நாடாக்களில் பூஞ்சை ஏறும். ஓட்டிப் பார்க்கும் கருவிகளும் சந்தையில் அருகிவிட்டன. ஹார்ட் டிஸ்குக்கு மாற்றியவை இயக்குநர்களின் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. டிஸ்க் ஒருநாள் நின்றால் படமும் போய்விடும். புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இயங்குகிறது. தமிழ் ஆவணப்படங்களுக்கென்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு காப்பகம் வேண்டும். குளிரூட்டிய அறை, நாடாக்களை டிஜிட்டலாக மாற்றும் கருவி, பயிற்சி பெற்ற நாலைந்து பேர், வாரம் ஒருமுறை பொதுமக்களுக்குத் திரையிட ஒரு சிறு அரங்கம். அரசோ பல்கலைக்கழகமோ மனம் வைத்தால் அடுத்த நிதிநிலை அறிக்கைக்குள் தொடங்கிவிடலாம். படம் எடுத்தவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களால் இப்போது சொல்ல முடியும்.